லினக்ஸ் கணினியைத் தனித்தியங்கும் எண்மப் பியானோவாக அமைத்தல்: ஒலித்தாமதமும் கட்டுப்பாடும்

ஆய்வுச்சுருக்கம்

மிடி விசைப்பலகையையும் ஒலி அட்டையையும் கொண்ட ஒரு லினக்ஸ் கணினியைத் தனித்தியங்கும் எண்மப் பியானோவாக அமைக்கும் முறையை இக்கட்டுரை விளக்குகிறது. அத்தகைய கணினிக்கு வேகத்தினும் காலந்தவறாமையே இன்றியமையாதது என்பது இதன் மையக்கருத்தாகும்.

திறவுச்சொற்கள்: லினக்ஸ், எண்மப் பியானோ, மிடி, ஒலித்தாமதம், இடையகம்

முன்னுரை

மரபுவழிப் பியானோவில் விசையை அழுத்தியதும் சுத்தியல் கம்பியைத் தாக்கி ஒலி எழுப்புகிறது. மிடி விசைப்பலகையோ, எந்த விசை எவ்வளவு விரைவாக அழுத்தப்பட்டது என்னும் செய்தியை மட்டுமே அனுப்புகிறது. 1983-இல் அறிமுகமான மிடி நெறிமுறையில் அவ்விரைவு 1 முதல் 127 வரையிலான எண்ணாகக் குறிக்கப்படுகிறது. ஒலியை உருவாக்கும் பொறுப்பு கணினியைச் சார்ந்தது.

ஒலி உருவாகும் முறை

யூஎஸ்பி வழியே இணைக்கப்பட்ட விசைப்பலகையை லினக்ஸ் கெர்னலின் அல்சா பகுதி இனங்காண்கிறது. ஃப்ளூயிட்சிந்த் என்னும் கட்டற்ற மென்பொருள், சவுண்ட்ஃபாண்ட் கோப்பிலுள்ள பியானோப் பதிவுகளிலிருந்து உரியதைத் தேர்ந்து ஒலிக்கிறது. அழுத்தும் விரைவுக்கேற்பப் பியானோவின் ஒலியளவோடு ஒலிப்பண்பும் மாறுவதால், ஒரே சுரத்திற்குப் பல அடுக்குப் பதிவுகள் தேவைப்படுகின்றன. சாலமாண்டர் கிராண்ட் பியானோ என்னும் தொகுப்பில் 16 அடுக்குகள் உள்ளன.

ஒலித்தாமதம்

கணினி ஒலியைச் சிறு தொகுதிகளாகக் கணித்து இடையகத்தில் நிரப்புகிறது. நொடிக்கு 48,000 மாதிரிகள் எனக் கொண்டால், தலா 1,024 மாதிரிகளுடைய இரு தொகுதிகள் ஏறத்தாழ 43 மில்லிநொடித் தாமதத்தை விளைவிக்கும். விரல் ஓரிடத்திலும் ஒலி ஓரிடத்திலுமாக வாசிப்பு தடுமாறும். தொகுதிக்கு 128 மாதிரிகள் எனக் குறைத்தால் தாமதம் 5.3 மில்லிநொடியாகும். இது, ஒலி காற்றில் 2 மீட்டருக்குச் சற்றுக் குறைந்த தொலைவைக் கடக்கும் நேரமே. ஆயினும், அப்போது ஒவ்வொரு தொகுதியும் 2.7 மில்லிநொடிக்குள் கணிக்கப்பட வேண்டும். ஒருமுறை தவறினும் இசையினூடே வெடிப்பொலி கேட்கும். எனவே கணினியின் சராசரி வேகத்தைவிட, அது எடுத்துக்கொள்ளும் மிகக்கூடிய நேரமே கருதத்தக்கது.

அமைக்கும் முறை

முதலாவதாக, ஒலி மென்பொருளுக்கு நிகழ்நேர முன்னுரிமை வழங்க வேண்டும். இதற்கான முழுமையான நிகழ்நேர வசதி, 2024-இல் வெளிவந்த 6.12 பதிப்பில் முதன்மைக் கெர்னலோடு இணைக்கப்பட்டது. இரண்டாவதாக, மின்சேமிப்புக்காகச் செயலியின் வேகம் தாழ்வதைத் தடுக்க வேண்டும். மூன்றாவதாக, வரைகலை இடைமுகத்தையும் தேவையற்ற பின்னணிச் சேவைகளையும் நீக்க வேண்டும். நான்காவதாக, கணினி தொடங்கியதும் ஃப்ளூயிட்சிந்த் தானே இயங்கி விசைப்பலகையோடு இணையுமாறு சிஸ்டம்டி சேவையொன்றை அமைத்தால் திரையும் சுட்டியும் வேண்டா. இறுதியாக, கோப்பு முறைமையைப் படிக்க மட்டும் உரியதாக்கினால், மின்சாரத்தைத் திடீரென நிறுத்தினும் கோப்புகள் சிதையா.

சோதனையை மிகுசுமையிலேயே நிகழ்த்துதல் வேண்டும். நீட்டிப்பு மிதியை அழுத்தியவாறு பல விசைகளை அடுத்தடுத்து வாசித்தால், முந்தைய சுரங்கள் அடங்குமுன் புதியன சேர்ந்து கணிப்புச்சுமை பெருகும். அப்போதும் வெடிப்பொலி எழாத மிகச்சிறிய இடையக அளவே அக்கணினிக்கு உரியது.

முடிவுரை

மேற்கூறிய மாற்றங்களுள் பெரும்பாலானவை கணினிக்குப் புதிய ஆற்றல் எதனையும் சேர்ப்பதில்லை. அதன் கவனத்தைச் சிதறடிப்பவற்றை அகற்றுகின்றன. பல பணிகளுக்குரிய பொதுக்கணினி இவ்வாறு ஒரே பணிக்கு ஒதுக்கப்படும்போதே நம்பி வாசிக்கத்தக்க இசைக்கருவியாகிறது எனலாம்.