கருப்புச்சட்டைப் பையன்கள்

நம்மூர்ல கருப்புச்சட்டைன்னா பெரியார் நினைவுதான் வரும். 1930-கள்ல லண்டன்ல அது ஆஸ்வால்ட் மோஸ்லியோட பாசிஸ்ட் கட்சி. ரெண்டையும் முடிச்சுப் போட்டுடாதீங்க மக்களே, நேர் எதிர் சமாச்சாரம்.

மோஸ்லி பெரிய வீட்டுப் பிள்ளை. 1918-ல் கன்சர்வேடிவ் எம்.பி., அப்புறம் தொழிற்கட்சி அமைச்சர். வேலையில்லாத் திண்டாட்டத்துக்குத் தான் சொன்ன வைத்தியத்தை யாரும் கேட்கலைன்னு 1930-ல் ராஜினாமா. தனிக்கட்சி கண்டு 1931 தேர்தல்ல ஒரு சீட்கூட இல்லை. முசோலினியைப் பார்த்துட்டு வந்து 1932 அக்டோபரில் இந்தக் கட்சி.

அவரை விடுங்க, பின்னாடி போன பசங்கதான் என் கவலை. 1933 தொடக்கத்துல வேலையில்லாதவங்க கிட்டத்தட்ட 30 லட்சம் பேர். 14 வயசுல படிப்பு முடிஞ்சு எடுபிடி வேலை. பெரியவங்க சம்பளம் தரவேண்டிய வயசு வந்ததும் சீட்டு கிழியும். 1931-ல் வந்த வருமானச் சோதனை இன்னும் மோசம். மகன் நாலு காசு சம்பாதிச்சா, அப்பாவோட உதவித்தொகையில கை வைப்பாங்க. வீட்டுல இருந்தாலே பாரம்னு ஆயிடுச்சு பையனுக்கு.

கட்சி என்ன குடுத்துச்சு? செல்சி கிங்ஸ் ரோட்ல ஒரு பழைய கல்லூரிக் கட்டடம், பேரு பிளாக் ஹவுஸ். தங்க இடம், சோறு, குத்துச்சண்டைப் பயிற்சி, கூடவே ஒரு சட்டை. மோஸ்லி வாள்சண்டை வீரர், அந்த உடை மாதிரியே தைச்சது. தெருவுல நடந்தா நாலு பேர் திரும்பிப் பார்ப்பாங்க. கொள்கை கிள்கை எல்லாம் பிறகுதான்னு நினைக்கிறேன். அதுவும் ஊருக்கு ஒண்ணு: லங்காஷயர் நூற்பாலைத் தொழிலாளிகிட்ட, இந்தியாவை நம்ம துணியையே வாங்க வைப்போம்னாங்க.

1934-ல் டெய்லி மெயில் முதலாளியே வாழ்த்தி எழுதினார். ஜூன் 7-ல் ஒலிம்பியா கூட்டத்துல குரல் கொடுத்தவங்களைத் தொண்டர்கள் அடிச்சு வெளிய தள்ளினதுக்கு அப்புறம் அவரும் கழண்டுக்கிட்டார். கட்சி கிழக்கு லண்டன் பக்கம் திரும்பி, வாடகை, வேலை எல்லாத்துக்கும் யூதர்தான் காரணம்னு சொல்ல ஆரம்பிச்சது.

1936 அக்டோபர் 4, கேபிள் தெருவில் மக்கள் ஊர்வலத்தை மறிச்சது எல்லாருக்கும் தெரியும். பலரும் கதையை அங்கேயே முடிச்சுடறாங்க. ஆனா அடுத்த ஞாயிறே மைல் எண்ட் ரோட்ல ஒரு இளவட்டக் கும்பல் யூதர் கடைக் கண்ணாடிகளை உடைச்சது. 1937 மார்ச் லண்டன் கவுன்சில் தேர்தல்ல பெத்னல் கிரீன்ல கட்சிக்கு 23 சதவீதம் ஓட்டு. வீட்டு வரி, வாடகை கட்டற குடும்பத் தலைவர்களுக்குத்தான் பெரும்பாலும் அந்தத் தேர்தல்ல ஓட்டு, சட்டை போட்ட பசங்க பலருக்குக் கிடையாது. யோசிச்சுப் பாருங்க.

ஃபில் பிரட்டின்னு ஒரு யூதக் கம்யூனிஸ்ட். மோஸ்லி ஊர்வலத்தைப் பார்க்கப் போனவர், பின்னாடி போறது அக்கம்பக்கத்து ஆளுங்க, சிலர் சட்டையில தொழிற்சங்கச் சின்னம்கூட இருக்குன்னு கவனிச்சார். அடிச்சு விரட்டினா மட்டும் போதாது, இவங்க ஏன் போறாங்கன்னு பாருங்கன்னு தன் கட்சிக்குள்ளயே வாதாடினார்.

1937 ஜூன்ல ஸ்டெப்னியின் பாரகன் மேன்ஷன்ஸ் குடியிருப்புல ஒரு வழக்கு வந்துச்சு. வாடகை பாக்கி, வீட்டைக் காலி பண்ணணும். மாட்டினவங்க பாசிஸ்ட் கட்சி உறுப்பினர்கள். அவங்க கட்சி எட்டிப் பார்க்கலை. பிரட்டின் ஆளுங்க போய்க் கதவை அடைச்சு, படிக்கட்டை மறிச்சு, ஜப்தி பண்ண வந்தவங்க மேல தண்ணியும் மாவும் கொட்டிக் காலி பண்ணவிடாம நிறுத்தினாங்க. உறுப்பினர் அட்டைகளை அவங்களே கிழிச்சுப் போட்டாங்கன்னு பிரட்டின் எழுதியிருக்கார். அவர் கட்சிக்காரர், கொஞ்சம் மெருகு இருக்கலாம். ஆனா அதுக்கப்புறம் ஸ்டெப்னி முழுக்க வாடகைப் போராட்டம் பரவினது நிஜம்.

மோஸ்லியை 1940 மே மாசம் உள்ளே போட்டாங்க. 1945 தேர்தல்ல மைல் எண்ட் தொகுதி பிரட்டினை நாடாளுமன்றத்துக்கு அனுப்பிச்சது.