வழியும் தாரைப் பிடித்து நிறுத்தும் நார்

கடலை உருண்டை பிடித்தவர்களுக்குத் தெரியும், பாகு பதம் தப்பி இளகலாக இருந்தால் கடலையில் நிற்காது. வழிந்து தட்டில் தேங்கிவிடும். சாலை போடுகிறவர்களுக்கும் இதே தலைவலி ஒருமுறை வந்தது. அங்கே கடலை ஜல்லி, பாகு தார். (நாம் ‘தார்’ என்பது கச்சா எண்ணெயைச் சுத்திகரித்தபின் அடியில் மிஞ்சும் பிட்டுமின். நிலக்கரியிலிருந்து எடுப்பதுதான் அசல் தார். ஊர் வாயை மாற்ற முடியாது. நானும் தார் என்றே எழுதுகிறேன்.)

1960களில் மேற்கு ஜெர்மனியில் பனிக்காலம் வந்தால் ஆணி பதித்த டயர்களோடு கார்கள் ஓடின. உறைபனியைக் கவ்விப் பிடித்த ஆணி, பனி இல்லாத இடத்தில் சாலையைச் சுரண்டித் தள்ளியது. ஸ்ட்ராபாக் நிறுவனப் பொறியாளர் கெர்ஹார்ட் ஸிக்னர் இதற்கு ஒரு வழி கண்டார். பெரிய ஜல்லியைத் தாராளமாகப் போட்டு, கல்லோடு கல் முட்டி நிற்கச் செய்வது. பாரத்தைக் கல்லே தாங்கிக்கொள்ளும். இடுக்குகளைக் கல்தூளும் தாரும் சேர்ந்த கெட்டிக் குழம்பு அடைக்கும். இதற்குத் தார் கூடுதலாக வேண்டும், எடையில் 6 முதல் 7 சதவீதம். 1968இல் வில்ஹெல்ம்ஸ்ஹாஃபன் நகரில் இப்படி ஒரு தெரு போடப்பட்டது. இந்தக் கலவையைத்தான் இன்று எஸ்.எம்.ஏ. என்கிறார்கள்.

சிக்கல் லாரியில் இருந்தது. 160, 170 டிகிரி சூட்டில் தார் குழைந்து ஓடும். கலவை ஆலையிலிருந்து டிப்பர் குலுங்கிக்கொண்டு வருவதற்குள் தார் அடியில் இறங்கிவிடும். கொட்டினால் ஓரிடத்தில் வறண்ட ஜல்லி, இன்னோரிடத்தில் கறுப்பாகப் பளபளக்கும் தார்த் திட்டு. முன்னதில் கல் பெயரும். பின்னதில் மழை நாளில் வண்டி வழுக்கும்.

நார் உள்ளே வந்தது இதைத் தடுக்கத்தான். கான்கிரீட்டுக்குள் கம்பிபோல இது சாலைக்கு வலுவூட்டுகிறது என்று பலர் நினைக்கிறார்கள். இந்தக் கலவையில் அதற்கு முதல் வேலை அதுவல்ல. விளக்குத் திரி எண்ணெயைப் பிடித்து வைப்பதுபோல, நுண்ணிய நார்கள் தாரைத் தம்மேல் ஏற்றிக்கொண்டு வழியவிடாமல் வைத்திருக்கின்றன. ஒரு டன் கலவைக்கு 3 கிலோ, அதாவது 0.3 சதவீதம் போதும். தொடக்கத்தில் இதற்குக் கல்நாரையும் போட்டார்கள். அது நுரையீரலுக்கு நஞ்சு என்பதால் ஒதுக்கப்பட்டு, மரக்கூழிலிருந்தும் பழைய காகிதத்திலிருந்தும் எடுத்த செல்லுலோஸ் நார் அந்த இடத்தைப் பிடித்தது. பஞ்சாகப் போட்டால் பறக்கும், கட்டி தட்டும். அதனால் தார் பூசிக் குச்சிக் குச்சியாக, ஆட்டுத் தீவனம்போல அழுத்தி விற்கிறார்கள். ஆலையில் முதலில் சூடான ஜல்லியோடு புரட்டினால் அந்தக் குச்சிகள் உடைந்து நார் பிரியும். பிறகுதான் தாரை ஊற்றுவார்கள்.

நார் வேலை செய்கிறதா என்று பார்க்கும் ஷெல்லன்பெர்க் சோதனையை வீட்டுச் சமையலறையிலேயே செய்துவிடலாம் போலிருக்கும். ஒரு கிலோ கலவையைக் கண்ணாடிக் குவளையில் போட்டு 170 டிகிரியில் ஒரு மணி நேரம் வைத்துவிட்டு, சட்டென்று கவிழ்ப்பார்கள். குவளையில் ஒட்டி நிற்பதை எடை போடுவார்கள். 3 கிராமுக்குள் இருந்தால் தேறியது.

1975இல் மேற்கு ஜெர்மனி ஆணி டயர்களைத் தடை செய்தது. நோய் போயிற்று, மருந்து மட்டும் நிலைத்துவிட்டது: கனரக லாரிகளின் சக்கரத் தடத்தில் சாலை குழிவிழாமல் இருப்பதை அதற்குள் கண்டுகொண்டார்கள். இந்தியச் சாலைப் பேராயமும் 2008இல் எஸ்.பி.79 என்ற விதிநூலை வெளியிட்டது. அதிலும் நார் உண்டு.

நம் பக்கத்துக் கேள்வி தேங்காய் மட்டையைப் பற்றியது. கொச்சி அறிவியல் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் தென்னை நார், கற்றாழை நார், வாழை நார் மூன்றையும் இந்தக் கலவையில் போட்டுப் பார்த்தார்கள். நன்றாக வந்தது தென்னை நார். லிக்னின் மிகுந்த நார் என்பதால் எளிதில் மட்காது. ஆனால் அது முரடு. மரக்கூழ் நாரைப்போல அத்தனை மெல்லியது அல்ல. சிறு துண்டுகளாக நறுக்காமல் போட்டால் கலவைக்குள் குருவிக்கூடுபோலச் சுருண்டுகொள்ளும். பொள்ளாச்சி ஆலைகளில் கயிற்றுக்காக நீள நாரைப் பிரித்தெடுக்கிறார்கள். சாலைக்கு வேண்டியது கயிறு திரிக்க உதவாத அந்தக் குட்டை நார்தான்.