படம் யார் கண்ணுக்கு?

எழுத்தறியாத ஏழைக்கு எச்சரிக்கையை எப்படிச் சொல்வது? இந்தக் கேள்விக்கு விடையாகத்தான் படம் வந்தது. 2001இல் கனடா நாடு சிகரெட் பெட்டியின் மீதே நோயுற்ற நுரையீரலையும் அழுகிய ஈறுகளையும் அச்சிட வைத்தது.

நம் நாட்டில்? 2003இல் சட்டம் வந்தது. மண்டையோடும் எலும்பும் பொறிக்கச் சொன்னது. 2007இல், அது கட்டாயமில்லை என்று திருத்தினார்கள்! 2009 மே 31 முதல்தான் படம் கட்டாயமாயிற்று. அதுவும் பெட்டியின் முன்பக்கத்தில் 40 விழுக்காடு. மெல்லும் புகையிலைப் பொட்டலத்துக்குக் கிடைத்ததோ தேள் படம்! புற்றுநோய்க்கும் தேளுக்கும் என்ன உறவு? 'தேள் மார்க்குச் சரக்கு' என்று பாமரத் தோழன் எண்ணியிருந்தால் குற்றம் அவன் மீதா?

2016 ஏப்ரலில் இருபுறமும் 85 விழுக்காடு என்றதும் ஆலை முதலாளிகள் அலறினர், வழக்குமன்றம் ஏறினர். 2017 டிசம்பரில் கர்நாடக உயர்நீதிமன்றம் அந்த விதியைத் தள்ளியது. 2018 சனவரியில் உச்சநீதிமன்றம் அத்தீர்ப்பை நிறுத்தி வைத்தது. படத்துக்கு வலிமை இல்லையென்றால் அதைச் சுருக்க இத்தனை வழக்கறிஞர்கள் எதற்கு? கேட்கிறோம், பதில் வரட்டும்!

ஆனால் தோழர்களே, பெட்டிக்கடைக்கு வாருங்கள். மூட்டை தூக்கும் தோழன் முழுப் பெட்டியா வாங்குகிறான்? ஒன்றே ஒன்று கேட்கிறான். கடைக்காரர் உருவிக் கொடுக்கிறார். தொங்கும் கயிற்றின் கங்கில் பற்ற வைத்துக்கொண்டு நடக்கிறான். பெட்டி கடைக்குள்ளேயே இருக்கிறது, படமும் அங்கேயே! முழுப் பெட்டி வாங்க வசதி படைத்தவருக்கு எச்சரிக்கை. ஒற்றைக்கு மட்டும் காசு உள்ளவனுக்கு அதுவும் இல்லை. எவனுக்காகப் படம் போட்டார்களோ, அவன் கண்ணில் படாமலே நோய் மட்டும் அவன் மார்பில் குடியேறுகிறது.

ஆஸ்திரேலியா 2012 டிசம்பரில் பெட்டியின் பகட்டையே பறித்துக்கொண்டது. எல்லாக் கம்பெனிக்கும் ஒரே அழுக்குப் பழுப்பு நிறம், ஒரே எழுத்து. மராட்டிய மாநிலம் 2020இல் சில்லறை விற்பனைக்குத் தடை போட்டது. மற்ற மாநிலங்களும் அந்த வழியில் நடைபோட என்ன தயக்கம்?

'பீடித் தொழிலாளி பிழைப்பு போகுமே' என்று கம்பெனிக்காரர்கள் கண்ணீர் வடிப்பார்கள். நெல்லையிலும் வேலூரிலும் முறத்தை மடியில் வைத்து, புகையிலைத் தூளைச் சுவாசித்தபடி பீடி சுற்றுகிறார்களே நம் தாய்மார்கள், அவர்களது நுரையீரலை எந்தப் பெட்டியில் அச்சிட்டார்கள்? ஒற்றை விற்பனையை நிறுத்தச் சொல்லும் நாம், அதே மூச்சில் கேட்கிறோம்: அந்தத் தாய்மார்களுக்கு மாற்றுத் தொழில் எது, கூலி எவ்வளவு, எந்தத் தேதியிலிருந்து?