மரமும் கருவியும் – 14: ஆயிரம் பலகைக்கு ஒரு முத்திரை

வெலிங்டன் தீவுக்கு மரத்தின் மேல் எழுதும் தொழில் புதிதல்ல. கொச்சிக் காயலைத் தூர்வாரி எடுத்த மண்ணைக் கொட்டி, ராபர்ட் பிரிஸ்டோ என்ற பொறியாளர் உண்டாக்கிய தீவு இது. 1947-ல் கொச்சியில் தேயிலை ஏலம் தொடங்கியது. மூணாறிலும் வால்பாறையிலும் தமிழ்த் தொழிலாளர்கள் பறித்த இலை, பிளைவுட் பெட்டிகளில் அடைபட்டு இந்தத் துறைமுகத்துக்கு இறங்கியது. தகரத்தில் வெட்டிய ஸ்டென்சிலை வைத்து ஒவ்வொரு பெட்டியின் மேலும் மை பூசுவார்கள். எஸ்டேட்டின் பெயர் எல்லாப் பெட்டிக்கும் ஒன்றுதான். எண்ணும் எடையும் மட்டும் மாறும். மரத்தில் குறி பொறிக்க லேசர் வாங்க நினைக்கும் தச்சுப்பட்டறைக்காரர் முதலில் யோசிக்க வேண்டியதும் இதுவே. நம் சரக்கில் மாறாதது எது, மாறுவது எது?

இன்று துறைமுகத்தில் பார்க்கும் மர பேலட்டுகளில் வேறொரு முத்திரை இருக்கும். கதிர் படமும் ஐபிபிசி என்ற எழுத்துகளும் ஒரு பக்கம். நாட்டின் குறியீடு, தயாரிப்பாளர் எண், 'ஹெச்டி' என்ற எழுத்துகள் மறுபக்கம். மரத்தின் உட்பகுதி வரை 56 டிகிரி வெப்பம் 30 நிமிடம் ஏறியிருக்கிறது, உள்ளே பூச்சி உயிரோடு இல்லை என்பதற்கான சர்வதேச அடையாளம் அது. அங்கீகாரம் பெற்ற நிறுவனம்தான் அதைப் போடலாம். கையால் வரையக் கூடாது, அழியக் கூடாது. இந்த முத்திரைக்கு லேசர் வேண்டுமா? என் கருத்தில் வேண்டாம். ஒரே குறியைப் பத்தாயிரம் முறை போடுவதற்குப் பழுக்கக் காய்ச்சிய இரும்பு அச்சே போதும். சில விநாடியில் வேலை முடியும். லேசரோ அதே குறியைக் கோடு கோடாக உழுதாக வேண்டும்.

குறி மாறும் இடத்தில்தான் லேசர் ஜெயிக்கிறது. ஒவ்வொரு பெட்டிக்கும் வேறு எண், ஒவ்வொரு பரிசுப் பலகைக்கும் வேறு பெயர் என்றால் இரும்பு அச்சால் முடியாது. கணினியில் ஒரு பட்டியல் கொடுத்தால் லேசர் அதை வரிசையாகப் பொறித்துவிடும். பட்டறைகளில் பெரும்பாலும் ஓடுவது கார்பன் டை ஆக்சைடு லேசர். 1964-ல் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் அதைக் கண்டுபிடித்தவர் நம் பாராமதியில் பிறந்து புனேயில் பொறியியல் படித்த குமார் படேல். அதன் கதிர் கண்ணுக்குத் தெரியாது. மரம் அதை அப்படியே உறிஞ்சிக்கொள்வதால் மேற்பரப்பு கருகிக் குறி விழுகிறது.

இனி கணக்குக்கு வருவோம். மட்டாஞ்சேரி யூதத் தெருவில் பயணிகளுக்கு விற்கும் மரச் சாவிப்பட்டை ஒன்று: நீளம் 90 மி.மீ., அகலம் 35 மி.மீ. நடுவில் 30 மி.மீ. சதுரத்தில் ஒரு படகு. கோட்டுக்குக் கோடு 0.1 மி.மீ. என்றால் ஒரு படகுக்கு 300 கோடுகள். லேசரின் தலை விநாடிக்கு 300 மி.மீ. ஓடுகிறது, திரும்ப 0.1 விநாடி ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். பட்டை ஒன்றைத் தனியாகப் பொறித்தால் 60 விநாடி.

1300 மி.மீ. மேசையில் பட்டைகளை நீளவாக்கில் ஒன்றன்பின் ஒன்றாகப் படுக்க வைத்தால் ஒரு வரிசைக்குப் பதினான்கு அடங்கும். தலை ஒரே வீச்சில் எல்லாவற்றையும் கடக்கும். பார்க்க வேகமாகத்தான் தெரியும். ஆனால் இரண்டு படகுகளுக்கு நடுவே 60 மி.மீ. வெற்று மரத்தின் மேல் சும்மா ஓடுகிறது. பட்டை ஒன்றுக்கு 88 விநாடி ஆகிவிடும். தனியாகப் பொறிப்பதைவிட மோசம்! அதே பட்டைகளைத் திருப்பி அகலவாக்கில் நெருக்கி அடுக்குங்கள். வரிசைக்கு முப்பத்தேழு அடங்கும். ஒன்றுக்கு 36 விநாடிதான். ஆயிரம் பட்டைக்கு 24 மணி நேரம் ஆகியிருக்க வேண்டிய வேலை பத்து மணி நேரத்தில் முடிகிறது. வாட் கூட்டவில்லை, புது இயந்திரம் வாங்கவில்லை. வெற்றிடத்தை வேகமாகத் தாண்டும் வசதி சில இயந்திரங்களில் உண்டு. அவற்றிலும் நெருக்கமான அடுக்குக்கே லாபம்.

இந்த அடுக்கைப் பிடித்து நிறுத்துவதுதான் ஜிக். 3 மி.மீ. எம்டிஎஃப் பலகையை மேசையிலேயே அசையாமல் பொருத்தி, பட்டைக்கான குழிகளை அதே லேசரால் வெட்ட வேண்டும். அப்போதுதான் குழியின் இடமும் படத்தின் இடமும் கணினியில் ஒன்றாகவே இருக்கும். குழியை அரை மி.மீ. தாராளமாக விடுங்கள். கொச்சி மழைக்காலத்தில் மரம் உப்பும். ஜூனுக்கு முன்பு சரியாக உட்கார்ந்த துண்டு ஜூலையில் இறங்க மறுக்கும். அந்தத் தாராளத்தால் குறி ஆடாமலிருக்க, எல்லாத் துண்டையும் ஒரே மூலைக்குத் தள்ளி வைக்கும் பழக்கம் வேண்டும். விரல் நுழைய ஓரத்தில் ஒரு அரைவட்டம். ஜிக் இரண்டாக இருந்தால், ஒன்று உள்ளே ஓடும்போது மற்றதில் துண்டு அடுக்கலாம். எல்லாத் துண்டும் ஒரே கனத்தில் இழைத்திருக்க வேண்டும், ஒன்றிரண்டு மி.மீ. ஏறி இறங்கினாலே குவியம் கெட்டுக் குறி மங்கும்.

ரப்பர் மரம் இதற்கு நன்றாக ஒத்துழைக்கும். வெளிர் நிறம், சீரான ரேகை. பைன் மரத்தில் மென்மையான வளையம் ஆழமாகவும் கடினமான வளையம் மேலோட்டமாகவும் கருகும். கொச்சியின் ஈரக்காற்றுக்கு இன்னொரு எச்சரிக்கை: குளிரூட்டும் தண்ணீரை ரொம்பச் சில்லென்று வைத்தால் லேசர் குழாயின் மேல் நீர் வியர்த்து மின்கசிவு வரும்.

அலமாரி வேலைக்கு இப்போது எங்கும் புழங்கும் பிவிசி பலகையை மட்டும் லேசருக்குக் கீழே வைக்கவே கூடாது. அதிலிருந்து கிளம்பும் அமில வாயு நுரையீரலையும் அரிக்கும், இயந்திரத்தின் இரும்பையும் அரிக்கும். அவசரத்தில் மிச்சத் துண்டை வைத்துப் பார்க்கும் இளைஞர்களை நினைத்தால் எனக்குப் பயமாகவே இருக்கிறது. இயந்திரம் ஓடும்போது ஆள் அருகில் இருக்க வேண்டும். மரம் தீப்பிடிக்க ஒரு நிமிடம் போதும்.

தீவிலிருந்து அதிக தூரமில்லாத களமச்சேரியில் கேரள ஸ்டார்ட்அப் மிஷனின் ஃபேப் லேப் இருக்கிறது. இயந்திரத்துக்கு முன்பணம் கொடுக்கும் முன், இப்படிப்பட்ட இடத்துக்கோ தெரிந்த பட்டறைக்கோ உங்கள் சரக்கில் இருபது துண்டை எடுத்துப் போங்கள். அட்டையில் ஒரு ஜிக் வெட்டி, இரண்டு விதமாக அடுக்கி, கைக்கடிகாரம் வைத்து நேரம் பாருங்கள். எத்தனை வாட் வேண்டும் என்பதை அதற்குப் பிறகு பேசலாம். ரப்பர் மரம் பிளைவுட்டாக மாறும் பெரும்பாவூருக்கு அடுத்த வாரம் போவோம்.