குதிரையின் இரத்தமும் நம் தோட்டத்து மண்ணும்

நமக்கும் குதிரைக்கும் என்ன தொடர்பு என்று கேட்கலாம். ஈப்போவில் பந்தயத் திடல் உண்டு. குதிரை லாயங்களில் வேலை பார்த்தவர்களில் நம்மவர்களும் இருந்தார்கள்.

குதிரைகளைத் தாக்கும் கிளாண்டர்ஸ் ஒரு பாக்டீரியா நோய். மூக்கில் சீழ் கலந்த சளி ஒழுகும், தோலில் கட்டிகள் உடைந்து புண்ணாகும். அந்தச் சளியும் சீழும் பட்டால் குதிரையைப் பராமரிப்பவருக்கும் தொற்றும். உடனே சிகிச்சை இல்லையென்றால் உயிருக்கே ஆபத்து. தடுப்பூசி கிடையாது. அதனால் நோய் உறுதியான குதிரையைக் கொன்றுவிடுவதே வழக்கம். ஆகவே சோதனை தவறக் கூடாது.

பழைய சோதனைக்கு மல்லீன் என்று பெயர். கிருமியிலிருந்து எடுத்த சத்தைக் குதிரையின் கீழ் இமையில் ஊசியால் ஏற்றுவார்கள். ஓரிரு நாளில் இமை வீங்கிச் சீழ் வடிந்தால் நோய் உண்டு என்று கொள்வார்கள். இதை உருவாக்கியவர்களில் ஒருவரான கால்நடை மருத்துவர் கால்னிங், 1891இல் அதே நோய்க்குப் பலியானார். இப்போது பெரும்பாலும் இரத்தத்தில் எதிர்ப்புப் பொருள் உள்ளதா என்று பார்க்கிறார்கள்.

நம் நாட்டில் இங்கேதான் ஒரு சிக்கல். 1912இல் ரங்கூனில் விட்மோர், கிருஷ்ணசாமி என்ற இரு மருத்துவர்கள் கிளாண்டர்ஸ் போன்ற ஒரு நோயை விவரித்தார்கள். கிளாண்டர்ஸ் கிருமி நகராது. இவர்கள் கண்டதோ நகர்ந்தது. பிறகு கோலாலம்பூரில் ஆய்வு செய்த ஸ்டான்டனும் பிளெட்சரும் 1921இல் அதற்கு மெலியோய்டோசிஸ் என்று பெயரிட்டார்கள். இரண்டும் நெருங்கிய உறவுக் கிருமிகள். மெலியோய்டோசிஸ் கிருமி நம் மண்ணிலும் தேங்கிய நீரிலும் வாழ்கிறது, குதிரையையும் பிடிக்கும். இரத்தச் சோதனையோ ஒன்றை மற்றொன்றாகக் காட்டிவிடக்கூடும். எனவே முதல் முடிவை மட்டும் நம்பாமல், கிருமியை வளர்த்தோ மரபணுவைப் பார்த்தோ எது என்று உறுதி செய்ய வேண்டும். 1948இல் ஈப்போவில் தொடங்கப்பட்ட கால்நடை ஆராய்ச்சிக் கழகம் போன்ற ஆய்வுக்கூடங்களின் அருமை இத்தகைய வேளையில்தான் தெரியும்.

மனிதனைப் பிடிக்க இந்த உறவுக் கிருமிக்குக் குதிரை தேவையில்லை. கித்தா மரங்கள் போய்ச் செம்பனை வந்தாலும் மண் அதே மண்தானே! மழைக்குப் பிறகு காலில் புண்ணோடு சேற்றில் இறங்கினால் போதும். இனிப்பு நீர் உள்ளவர்களுக்கு ஆபத்து அதிகம். நம்மவர்களிடையே அது எவ்வளவு பரவலாக இருக்கிறது என்று உங்களுக்கே தெரியும். 2010இல் பகாங், லுபுக் யூவில் நீரில் மூழ்கியவரைத் தேடச் சென்றவர்கள் பலர் இந்நோய்க்கும் எலிச் சிறுநீர்க் காய்ச்சலுக்கும் ஆளானார்கள்; உயிரிழப்பும் நேர்ந்தது.

காய்ச்சல் விடவில்லையென்றால், மண்ணில் வேலை செய்ததையும் இனிப்பு நீர் இருப்பதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள். பென்சிலின் இதற்குக் கேட்காது. குறைந்தது பத்து நாளாவது மருத்துவமனையில் ஊசி போட்ட பிறகு, மூன்று மாதமோ அதற்கு மேலுமோ மாத்திரை சாப்பிட வேண்டும். காய்ச்சல் போய்விட்டதே என்று பாதியில் நிறுத்துபவர்களுக்கு அது மறுபடியும் வருகிறது.