சர்க்கரை நோயாளிகளின் கண்ணைச் சோதிக்கும் ஏஐ: கேரளத் திட்டம் செயல்படுவது எப்படி? சிக்கல் எங்கே?

திருவனந்தபுரம்: சர்க்கரை நோயாளிகளின் விழித்திரையைப் படம் பிடித்து, பார்வையிழப்பு அபாயம் உள்ளதா என்பதைச் சில நொடிகளில் தெரிவிக்கும் செயற்கை நுண்ணறிவு (ஏஐ) தொழில்நுட்பம், கேரள அரசின் கண் பரிசோதனைத் திட்டத்தில் இணைக்கப்பட்டுள்ளது. கண் மருத்துவர் இல்லாத ஊரிலும் செவிலியரே இந்தச் சோதனையைச் செய்துவிடலாம் என்பது இதன் சிறப்பு. ஆனால், நோய் இருப்பதாகக் கூறப்பட்டவர் பேருந்து ஏறிப் பெரிய மருத்துவமனைக்குச் செல்வாரா என்ற கேள்விக்கு இயந்திரத்திடம் விடை இல்லை. இதே மாவட்டத்தில் முன்பு நடந்த ஓர் ஆய்வு, அந்தக் கேள்வியை எளிதில் ஒதுக்கிவிட முடியாது என்று காட்டுகிறது.

வலியின்றி வரும் பாதிப்பு

இந்தியாவில் 10.1 கோடி பேருக்குச் சர்க்கரை நோய் இருப்பதாக இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலும் சென்னையில் உள்ள மெட்ராஸ் நீரிழிவு ஆராய்ச்சி அறக்கட்டளையும் இணைந்து நடத்திய ஆய்வு 2023ஆம் ஆண்டில் மதிப்பிட்டது. அந்த ஆய்வின்படி, கேரளத்தில் 20 வயதுக்கு மேற்பட்டோரில் 25.5 சதவீதம் பேருக்கு இந்நோய் உள்ளது. அதாவது நான்கில் ஒருவர். கோவாவும் புதுச்சேரியும் மட்டுமே கேரளத்தைவிடச் சற்று முன்னே உள்ளன.

நீண்ட காலம் கட்டுக்குள் வராத சர்க்கரை, விழித்திரையின் நுண்ணிய இரத்த நாளங்களைச் சிதைக்கிறது. முதலில் நாளங்களின் சுவரில் புள்ளி போன்ற சிறு வீக்கங்கள் தோன்றும். பின்னர் இரத்தமும் கொழுப்புப் பொருளும் கசியும். நோய் முற்றும்போது வலுவற்ற புதிய நாளங்கள் முளைத்து, அவை உடைந்து கண்ணுக்குள் இரத்தம் பரவும். இவ்வளவும் நடந்துகொண்டிருக்கும்போதே அந்த நபர் நாளிதழ் படிக்கலாம், வாகனம் ஓட்டலாம்; கண்ணில் வலியோ சிவப்போ இருக்காது. பார்வை மங்கிய பிறகு மருத்துவரிடம் செல்பவர்களுக்கு, இழந்த பார்வையைப் பெரும்பாலும் முழுமையாக மீட்டுத்தர முடிவதில்லை. லேசர் சிகிச்சையும் கண்ணுக்குள் செலுத்தப்படும் ஊசி மருந்தும் எஞ்சிய பார்வையைக் காப்பாற்றவே பெரிதும் உதவுகின்றன.

நாடு முழுவதும் 40 வயதுக்கு மேற்பட்ட சர்க்கரை நோயாளிகளிடம் நடத்தப்பட்ட ஆய்வு ஒன்றின் முடிவுகள் 2022இல் 'லான்செட் குளோபல் ஹெல்த்' இதழில் வெளியாயின. அதன்படி, 12.5 சதவீதம் பேருக்கு விழித்திரைப் பாதிப்பு இருந்தது. பார்வையைப் பறிக்கும் நிலையில் இருந்தோர் 4 சதவீதம். அந்த நால்வரைக் கண்டுபிடிக்க நூறு பேரின் கண்ணையும் பார்த்தாக வேண்டும். கண் மருத்துவர்களை மட்டும் நம்பி இதைச் செய்ய முடியாது என்பதால்தான் இயந்திரத்தின் துணை நாடப்படுகிறது.

நயனாமிர்தம்: செவிலியரின் கையில் கேமரா

கேரள அரசின் 'நயனாமிர்தம்' திட்டம், பிரிட்டன் ஆய்வாளர்களுடன் இணைந்து திருவனந்தபுரம் மாவட்டத்தின் 16 குடும்ப சுகாதார மையங்களில் தொடங்கியது. சர்க்கரை மாத்திரை வாங்க வருபவர்களின் விழித்திரையைச் செவிலியர்களே படம் பிடித்தனர். பயிற்சி பெற்றவர்கள் வேறிடத்தில் இருந்து அந்தப் படங்களைப் பார்த்து முடிவு கூறினர். பெரும்பாலானோருக்குக் கண் பாவையை விரிக்கும் சொட்டு மருந்து தேவைப்படாத கேமரா என்பது சிறு செய்தியாகத் தோன்றலாம். ஆனால், அந்த மருந்தை விட்டால் சில மணி நேரம் பார்வை மங்கலாக இருக்கும். துணைக்கு ஆள் இல்லாமல் வீடு திரும்புவதும் கடினம். தினக்கூலிக்குச் செல்பவர்கள் கண் பரிசோதனையைத் தள்ளிப்போட இதுவும் ஒரு காரணம்.

இத்திட்டத்தின் இரண்டாம் கட்டமான 'நயனாமிர்தம் 2.0'இல், பெங்களூருவைச் சேர்ந்த ரெமிடியோ நிறுவனத்தின் கேமராவும் ஏஐ மென்பொருளும் சேர்க்கப்பட்டன. சர்க்கரை நோயால் வரும் பாதிப்புடன், கண் நீர் அழுத்த நோய், முதுமையில் வரும் விழித்திரை மையச் சிதைவு ஆகியவற்றின் அறிகுறிகளையும் இது தேடுகிறது. ஸ்மார்ட்போனுடன் இணைந்த கேமராவிலேயே, இணைய இணைப்பு இல்லாமலும் இந்நிறுவனத்தின் மென்பொருள் இயங்கக் கூடியது. இதன் அருமையைத் தாய்லாந்து அனுபவத்தைப் பார்த்தால் புரிந்துகொள்ளலாம்.

இயந்திரம் கற்றது யாரிடம்?

ஏஐ தானாகவே நோயைக் கற்றுக்கொண்டது என்ற எண்ணம் பரவலாக உள்ளது. உண்மையில் அது மருத்துவர்களின் கண்ணைக் கடன் வாங்கியே பார்க்கிறது. இத்துறையில் திருப்புமுனையாகக் கருதப்படும் கூகுள் ஆய்வு 2016இல் 'ஜாமா' இதழில் வெளியானது. மதுரை அரவிந்த், சென்னை சங்கர நேத்ராலயா, பெங்களூரு நாராயண நேத்ராலயா ஆகிய மருத்துவமனைகளில் இருந்தும் அமெரிக்காவில் இருந்தும் பெறப்பட்ட 1,28,175 விழித்திரைப் படங்கள் அதில் பயன்படுத்தப்பட்டன. ஒவ்வொரு படத்தையும் 3 முதல் 7 முறை வரை மருத்துவர்கள் தரம் பிரித்தனர். இப்பணியில் ஈடுபட்டவர்கள் 54 பேர். ஒரே படத்தை இத்தனை பேர் பார்க்க வேண்டியிருந்ததற்குக் காரணம், நிபுணர்களுக்கிடையிலேயே கருத்து வேறுபாடு இருந்ததுதான்.

அந்த மென்பொருளை இரண்டு விதமாக இயக்க முடிந்தது. ஒன்று, நோயுள்ள யாரையும் தவறவிடக் கூடாது என்ற கண்டிப்பான முறை. இதில் நோயுள்ளோரில் 97.5 சதவீதம் பேரும், நோயற்றோரில் 93.4 சதவீதம் பேரும் ஒரு சோதனைத் தொகுப்பில் சரியாக அடையாளம் காணப்பட்டனர். மற்றொன்று, தேவையின்றி யாரையும் அலையவிடக் கூடாது என்ற முறை. இதில் அந்த அளவுகள் முறையே 90.3, 98.1 சதவீதம்.

சதவீதமாகப் பார்க்கும்போது இரண்டும் ஏறக்குறைய ஒன்றுபோலத் தோன்றும். ஆட்களாக எண்ணினால் வேறுபாடு விளங்கும். சோதிக்கப்படும் 1,000 பேரில் 100 பேருக்கு நோய் இருப்பதாக வைத்துக்கொள்வோம். முதல் முறையில் இரண்டு அல்லது மூன்று நோயாளிகள் மட்டுமே தவறவிடப்படுவர். ஆனால் நோயற்ற சுமார் 59 பேர் பெரிய மருத்துவமனைக்கு அனுப்பப்படுவர். இரண்டாவது முறையில் வீணாக அலைபவர்கள் 17 பேர்தான். ஆனால் சுமார் 10 நோயாளிகள் 'உங்களுக்கு ஒன்றுமில்லை' என்ற பதிலுடன் வீடு திரும்புவர். எந்த முறை சரி என்பதைக் கணினி முடிவு செய்வதில்லை. எத்தனை கண் மருத்துவர்கள் இருக்கிறார்கள், எவ்வளவு தூரம் செல்ல வேண்டும் என்பதைக் கொண்டு மனிதர்கள் எடுக்கும் முடிவு அது. பொதுமக்களிடம் அதிகம் பேசப்படாத முடிவும் அதுவே.

ரெமிடியோவின் மென்பொருள், மும்பை மாநகராட்சி மருந்தகங்களில் 213 பேரிடம் சோதிக்கப்பட்டு 2019இல் முடிவுகள் வெளியாயின. மேல்சிகிச்சைக்கு அனுப்பப்பட வேண்டியவர்களில் ஒருவரையும் அது தவறவிடவில்லை. அத்தகைய பாதிப்பு இல்லாதோரைச் சரியாக அடையாளம் கண்டது 88.4 சதவீதம். நம்பிக்கை தரும் முடிவுதான் என்றாலும், 213 பேர் என்பது சிறிய எண்ணிக்கை என்பதையும் மறந்துவிடக் கூடாது.

தாய்லாந்தில் நடந்தது என்ன?

ஆய்வகத்தில் சிறப்பாகச் செயல்பட்ட கூகுளின் தொழில்நுட்பம், பின்னர் தாய்லாந்தில் 11 மருத்துவ மையங்களில் பயன்படுத்தப்பட்டது. அங்கு நேர்ந்ததை அந்நிறுவனத்தின் ஆய்வாளர்களே 2020இல் வெளிப்படையாகப் பதிவு செய்தனர். முதல் ஆறு மாதங்களில் இயந்திரத்திடம் கொடுக்கப்பட்ட 1,838 படங்களில் 21 சதவீதத்தை, தரம் போதாது என்று கூறி அது ஏற்க மறுத்துவிட்டது. காரணம் எளியது: பல மையங்களில் விளக்கை அணைத்து இருட்டாக்கக் கூடிய தனி அறை இல்லை. செவிலியரின் கண்ணுக்கு ஓரளவு தெளிவாகத் தெரிந்த படமும் நிராகரிக்கப்பட்டது. விதிப்படி, அத்தகையவர்கள் வேறு மருத்துவமனையில் நிபுணரைப் பார்க்க வேண்டும். வேலையை விட்டு அவ்வளவு தூரம் செல்ல வேண்டியிருக்கும் என்று அஞ்சிய சில செவிலியர்கள், இச்சோதனையில் பங்கேற்க வேண்டாம் என்றே நோயாளிகளிடம் கூறியுள்ளனர். இணைய வேகம் குறைந்த இடங்களில் வரிசை நீண்டது.

இயந்திரத்தின் துல்லியத்தை மட்டும் அளந்தவர்கள், அறையின் விளக்கையும் பேருந்துக் கட்டணத்தையும் அளக்கவில்லை. இணையமின்றி இயங்கும் கருவி இவற்றில் ஒரு குறையைத் தீர்க்கிறது. மற்றவை சுகாதார மையத்தின் அன்றாட ஏற்பாட்டைப் பொறுத்தவை. சர்க்கரை நோயாளிகளில் பலர் முதியவர்கள் என்பதால், கண்புரையால் படம் தெளிவின்றிப் போவதும் இயல்பு. அவர்களை 'சோதிக்கப்பட்டவர்கள்' கணக்கில் சேர்த்துவிடாமல் மருத்துவரிடம் அனுப்ப வேண்டும்.

செல்லாத 1,927 பேர்

திருவனந்தபுரத்துக்கு மருத்துவத் தொழில்நுட்பம் புதிதல்ல. ஸ்ரீசித்ரா திருநாள் மருத்துவ அறிவியல் மற்றும் தொழில்நுட்ப நிறுவனத்தில் உருவான செயற்கை இதய வால்வு, 1990 டிசம்பரில் முதன்முதலாக நோயாளிக்குப் பொருத்தப்பட்டது. அதைத் தயாரித்து நாடெங்கும் கொண்டு சென்றது சென்னையின் டிடிகே நிறுவனம். மண்டலப் புற்றுநோய் மையத்தில் 2024 முதல் ரோபோ உதவியுடன் அறுவை சிகிச்சை செய்யப்படுகிறது. நாகர்கோவில், மார்த்தாண்டம் பகுதிகளில் இருந்து சிகிச்சைக்காக இந்நகருக்கு வரும் தமிழர்களுக்கு இப்பெயர்கள் நன்கு அறிமுகமானவை.

ஆனால் ஏஐ பற்றிய இன்றைய விவாதத்துக்கு மிகவும் பயன்படக் கூடியது, எந்தக் கருவியும் இல்லாமல் இம்மாவட்டத்தில் நடந்த வாய்ப்புற்றுநோய் ஆய்வு. மண்டலப் புற்றுநோய் மையமும் சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி முகமையும் இணைந்து 1996 முதல் 2004 வரை 13 ஊராட்சிகளில் அதை நடத்தின. பயிற்சி பெற்ற சுகாதாரப் பணியாளர்கள் 7 ஊராட்சிகளில் வீடு வீடாகச் சென்று மக்களின் வாயைப் பார்த்தனர். மருத்துவர் அல்லாதவர்கள் செய்த இந்தச் சோதனையால், புகையிலை அல்லது மதுப் பழக்கம் உடையோரிடையே வாய்ப்புற்றுநோய் மரணங்கள் 34 சதவீதம் குறைந்ததாக 2005இல் 'லான்செட்' இதழில் வெளியான முடிவு தெரிவித்தது. உலக அளவில் கவனம் பெற்ற முடிவு இது.

அதே ஆய்வில் அதிகம் பேசப்படாத மற்றொரு எண் உள்ளது. 87,655 பேர் சோதிக்கப்பட்டனர். அவர்களில் 5,145 பேருக்குச் சந்தேகத்துக்குரிய அறிகுறி தென்பட்டு, மருத்துவரைப் பார்க்குமாறு கூறப்பட்டது. சென்றவர்கள் 3,218 பேர், அதாவது 63 சதவீதம். மீதமுள்ள 1,927 பேர் செல்லவில்லை. எழுத்தறிவிலும் மருத்துவ வசதியிலும் நாட்டின் முன்னணி மாநிலத்தில், புற்றுநோயாக இருக்கலாம் என்று வீட்டுக்கே வந்து சொன்ன பிறகும் இதுதான் நிலை.

வலியே இல்லாத, பார்வையும் நன்றாக உள்ள ஒருவரிடம், கைப்பேசியுடன் இணைந்த கருவி 'மேல்சிகிச்சை தேவை' என்று காட்டினால் அவர் எந்த அளவுக்கு நம்புவார் என்பது இங்கே எழும் கேள்வி. சில நொடிகளில் முடிவு கிடைப்பதில் ஒரு நன்மை உண்டு. அந்த நபர் எதிரில் அமர்ந்திருக்கும்போதே செவிலியர் படத்தைக் காட்டி விளக்கலாம். மருத்துவமனைக்குச் செல்லும் நாளையும் அங்கேயே குறித்துத் தரலாம். வாரக் கணக்கில் கழித்து வரும் தகவலைவிட இது வலுவானது. கேரளத்தில் 30 வயதுக்கு மேற்பட்டோரின் வாழ்க்கைமுறை நோய் விவரங்களை ஆஷா பணியாளர்கள் 'சைலி' செயலியில் ஏற்கெனவே பதிவு செய்து வருகின்றனர். கண் பரிசோதனைக்குப் பின் மருத்துவமனைக்குச் செல்லாதவர்களின் பட்டியல் அவர்களின் கைக்குச் சென்றால், கதவைத் தட்ட ஒருவர் இருப்பார். தமிழகத்தின் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்துக்கும் இது பொருந்தும்.

சட்டம் என்ன சொல்கிறது?

மத்திய அரசின் 2020ஆம் ஆண்டுத் தொலைமருத்துவ வழிகாட்டுதல்களின்படி, ஏஐ மென்பொருள் தானாக நோயாளிக்கு ஆலோசனை வழங்கவோ மருந்து பரிந்துரைக்கவோ கூடாது. பதிவு பெற்ற மருத்துவருக்கு உதவலாம். மருத்துவப் பயன்பாட்டுக்கான மென்பொருளும் 2020 ஏப்ரல் முதல் மருத்துவக் கருவிகளுக்கான ஒழுங்குமுறையின் கீழ் வந்துள்ளது.

படங்களின் பாதுகாப்பு தனிக் கவலை. ஒரு விழித்திரைப் படத்தைக் கொண்டே அந்த நபர் ஆணா பெண்ணா, வயது ஏறக்குறைய என்ன என்பதைக் கணினியால் கூற முடியும் என்று 2018இல் வெளியான கூகுள் ஆய்வு காட்டியது. படத்தைப் பார்த்து ஆண், பெண் வேறுபாட்டைச் சொல்ல அனுபவம் மிக்க கண் மருத்துவர்களாலும் இயல்பாக முடியாது. ஆகவே சுகாதார மையத்தில் எடுக்கப்படும் படம், எடுத்தவர் நினைப்பதைவிட அதிகத் தகவலைக் கொண்டிருக்கிறது. 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும், அதே ஆண்டில் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் வெளியிட்ட ஏஐ நெறிமுறைகளும் ஒப்புதலை வலியுறுத்துகின்றன. மாத்திரை வாங்கும் வரிசையில் நிற்பவரிடம் அந்த ஒப்புதல் எவ்வாறு கேட்கப்படுகிறது என்பது நடைமுறையில் கவனிக்கப்பட வேண்டியது.

யார், எப்போது சோதித்துக்கொள்ள வேண்டும்?

பெரியவர்களுக்குப் பரவலாக வரும் இரண்டாம் வகைச் சர்க்கரை நோய் கண்டறியப்பட்ட உடனேயே விழித்திரையைச் சோதிக்க வேண்டும் என்பதும், பின்னர் பொதுவாக ஆண்டுக்கு ஒரு முறை மீண்டும் சோதிக்க வேண்டும் என்பதும் மருத்துவ அறிவுரை. ஏற்கெனவே சர்க்கரை நோய் உள்ள பெண்கள் கருவுற்றால், தொடக்க மாதங்களிலேயே பார்த்துக்கொள்ள வேண்டும். கண்ணாடிக் கடையில் எழுத்துகளைப் படிக்கச் சொல்லிச் செய்யப்படும் சோதனை இதற்கு ஈடாகாது. இயந்திரம் 'பாதிப்பு இல்லை' என்று தெரிவித்தால் அது அன்றைய நிலை மட்டுமே. அடுத்த ஆண்டு மீண்டும் வர வேண்டும். 'படம் தெளிவில்லை' என்று தெரிவித்தால், அதை 'பாதிப்பு இல்லை' என்று எடுத்துக்கொள்ளாமல் கண் மருத்துவரை நேரில் பார்க்க வேண்டும்.