மட்கார்டு அகலமாவது எப்படி?

மோட்டார் காரின் சக்கரத்தைக் குடைபோல் மூடியிருக்கும் வளைந்த தகட்டை நாம் மட்கார்டு என்கிறோம். அமெரிக்காவில் பழைய கார்களைத் தம் விருப்பப்படி மாற்றி அமைப்போர் சிலர், அகன்ற டயர்களைப் பொருத்துவதற்காக இதனை வீட்டுக் கொட்டகையிலேயே அகலமாக்குகின்றனர். டயர் வெளியே நீண்டிருந்தால் சேறும் கல்லும் பிறர்மேல் தெறிக்குமல்லவா?

முதலில் மட்கார்டை விளிம்பையொட்டி வெட்டுகிறார்கள். விளிம்பை வேண்டிய அளவு வெளியே நகர்த்தி, இடைவெளியில் புதிய தகட்டை வளைத்துப் பொருத்துகிறார்கள். அடுத்தது வெல்டிங். இங்கேதான் சோதனை! எஃகு உருக ஏறத்தாழ 1,500 டிகிரி செல்சியஸ் வெப்பம் வேண்டும். மட்கார்டுத் தகடோ பெரும்பாலும் ஏறத்தாழ 1 மில்லிமீட்டர் கனமே இருக்கும். ஒரே மூச்சில் பற்றவைத்தால், சூட்டில் விரிந்து, ஆறும்போது சுருங்கி, அப்பளம்போல் நெளிந்துவிடும். ஆகவே கோலத்துக்குப் புள்ளி வைப்பதுபோல் தள்ளித் தள்ளிப் பொட்டு வைத்து, ஆறவிட்டு, பிறகே இடைவெளிகளை நிரப்புகிறார்கள். பின்னர்த் தேய்த்து, பட்டி பார்த்து, உட்புறமும் வர்ணம் பூசுகிறார்கள். இல்லையேல் துரு தின்றுவிடும்.

ஆபத்தும் உண்டு. பெட்ரோல் டாங்கி அருகிலிருந்தால் தீப்பொறி ஒன்றே போதும். அதை முன்னதாகக் கழற்றிவிட வேண்டும். தகட்டில் துத்தநாகப் பூச்சு இருந்தால் சுரண்டிவிட வேண்டும். அதன் புகை காய்ச்சல் தரும்.

நம் நாட்டில் தயாரிப்பாளரின் மூல அமைப்புக்கு மாறாக வாகனத்தை மாற்றக் கூடாதென உச்ச நீதிமன்றம் 2019இல் தீர்ப்பளித்தது. எனவே காரை விட்டுவிடுவோம், பாடத்தை எடுத்துக்கொள்வோம். பதறாத காரியம் சிதறாது!